சார்பை ஈனும் சார்பு

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலும் அட்டப்பாடியிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழ்வழியில் கணிதமும் கணிப்பொறியும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு, உங்களுள் ஒருவனாய் முப்பது ஆண்டு சுண்ணக்கட்டி பிடித்து, இப்போது கொழிஞ்சாம்பாறையில் ஓய்ந்திருக்கும் ஒருவனின் வணக்கம்.

தேவிகுளத்தை அடுத்த ஒரு பள்ளியில் நான் பணியாற்றிய கடைசி ஆண்டில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். ஆடிச் சாரல் மூன்று நாள் ஓயாமல் பெய்து, நான்காம் நாள் பிற்பகலில்தான் மின்சாரம் வந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணிப்பொறி அறைக்கு அழைத்துச் சென்று, மாக்சிமா என்னும் கட்டற்ற இயற்கணித மென்பொருளைத் திறந்து, அவர்கள் அப்போதுதான் படித்து முடித்திருந்த கூட்டுத் தொடரைக் கொண்டே ஒரு சிறு சோதனை செய்ய விரும்பினேன். முதல் உறுப்பையும் பொது வித்தியாசத்தையும் கொடுத்தால், எத்தனையாவது உறுப்பைக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஒரு விதியையே உண்டாக்கிக் கையில் தரும் சார்பு ஒன்றை எழுதுவது என் எண்ணம். ஆங்கில எழுத்துக்களில் தட்டியதை இங்கே தமிழெழுத்தில் தருகிறேன்: தொடர்(மு, வி) என்று பெயரிட்டு, அதன் உடலாக, லாம்டா([ந], மு + (ந − 1) × வி) என்று எழுதினோம். முதல் உறுப்பு 5, பொது வித்தியாசம் 3 எனக் கொடுத்து, பிறந்த விதிக்கு ‘முல்லை’ என்று பெயர் வைத்து, முல்லை(10) என்ன என்று கேட்டோம். 32 வரவேண்டும் என்பதைப் பிள்ளைகள் மனக்கணக்காகவே சொல்லிவிட்டார்கள். திரையில் வந்ததோ மு + 9 வி.

அறை அமைதியாயிற்று. கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தியின் மகள், முன்வரிசையில் இருந்தவள், “சார், நாம குடுத்த அஞ்சையும் மூணையும் அது மறந்துருச்சு” என்றாள். அடுத்த மேஜையிலிருந்த பையனுக்கு வேறு விடை வந்திருந்தது: 100 + 9 வி. அவன் சற்று முன்பு வேறொரு கணக்குக்காக அதே இயந்திரத்தில் மு என்பதற்கு 100 என்று மதிப்புக் கொடுத்திருந்தான். அந்தப் பெண் எழுந்து போய் அவன் திரையைப் பார்த்துவிட்டு வந்து, “அது யாரோட மு சார்?” என்று கேட்டாள். அன்று அவளுக்குச் சரியான விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் நூல்களைப் புரட்டிப் பல இரவுகள் கழித்துத் தெரிந்துகொண்டபோது, அந்தக் கேள்வி ஒரு மென்பொருளின் சிறு குறையைப் பற்றியது மாத்திரமன்று, கணிப்பொறி அறிஞர்களை நெடுங்காலம் வாட்டிய கேள்வியேதான் என்பது எனக்கு விளங்கியது. அவளுக்குச் சொல்லத் தவறியதை உங்களிடம் சொல்லவே இந்த மடல்.

சார்பு என்றால் என்ன என்று கேட்டால் நம் பிள்ளைகள் சொல்லும் விடையை நீங்கள் அறிவீர்கள்: ஒரு பக்கம் எண்ணைப் போட்டால் மறுபக்கம் எண் வந்து விழும் பெட்டி. இந்த உவமை தொடக்கத்துக்கு நல்லதுதான். ஆயினும் அதிலேயே நின்றுவிட்டால், பெட்டிக்குள் எண்தான் போகும், எண்தான் வரும் என்ற எண்ணம் குழந்தையின் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. பெட்டியே பெட்டியைச் செய்து தரலாம், ஒரு விதியைக் கொடுத்து வேறொரு விதியை வாங்கலாம் என்ற எண்ணம், வகைநுண்கணிதம் படிக்கும் நாளில் திடீரென்று வந்து நிற்கும்போது, அவன் அதை எண் என்றே நினைத்துத் தடுமாறுகிறான்.

ஆனால் இந்த எண்ணம் நம் மலைத் தோட்டங்களில் வளரும் குழந்தைக்குப் புதியதன்று. மாலையில் பச்சைக்கொழுந்து எடைபோடும் இடத்தில் நின்று பாருங்கள். குறிப்பிட்ட கிலோ வரைக்கும் நாட்கூலி. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் காசு. இது ஒரு சார்பு: எடையைக் கொடுத்தால் அன்றைய சம்பாத்தியம் வரும். விளங்குவதற்காக மாத்திரம் எண்களை வைத்துக்கொள்வோம்: நாட்கூலி 400 ரூபாய், அடிப்படை எடை 25 கிலோ, மேற்பட்ட கிலோவுக்கு 2 ரூபாய் என்றால், 40 கிலோ பறித்தவளுக்கு 430 ரூபாய். அடிப்படை எடை 30 கிலோ ஆனால் அதே 40 கிலோவுக்கு 420 ரூபாய். எடை மாறவில்லை, கையும் கூடையும் மாறவில்லை, மாறியது விதி. அந்த விதி எங்கிருந்து வந்தது? கூலி, அடிப்படை எடை, மேல்விகிதம் என்ற மூன்றையும் பேசித் தீர்மானிக்கும் கூலி ஒப்பந்தத்திலிருந்து வந்தது. ஆகவே ஒப்பந்தம் என்பது மூன்று எண்களை வாங்கிக்கொண்டு, எண்ணைத் தராமல், ஒரு சார்பைத் தரும் சார்பு. அந்தச் சார்பு மறுநாள் காலை மலையேறி, ஒவ்வொரு தராசின் பக்கத்திலும் நின்று, ஒவ்வொரு பெண்ணின் எடையையும் ரூபாயாக்குகிறது.

2015 செப்டம்பரில் மூணாற்றுச் சாலையில் வந்து அமர்ந்த தோட்டப் பெண்கள், பெம்பிளை ஒருமை என்ற பெயரால் பின்னர் நாடறிந்தவர்கள், போனஸும் 500 ரூபாய் நாட்கூலியும் கேட்டார்கள். அக்டோபரில் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாய் ஆயிற்று. அன்று தங்கள் ஒருநாள் எடைக்கு என்ன காசு என்று மட்டுமா அவர்கள் வாதாடினார்கள்? இனிப் பறிக்கப்போகும் எல்லா எடைகளுக்கும் எந்த விதி பொருந்தும் என்றல்லவா வாதாடினார்கள்! அவர்களுடைய மகளுக்கு “சார்பை ஈனும் சார்பு” என்பதை விளக்க நாம் வேற்றூர் உதாரணத்தைத் தேடிப் போகவேண்டியதில்லை. அடிவாரத்துச் சித்தூர்ப் பக்கத்து ஆசிரியர்கள் முதலமடை மாம்பழ மண்டியின் கமிஷன் கணக்கை எடுத்துக்கொள்ளலாம்; நோக்கம் ஒன்றே.

இன்னும் ஒரு படி மேலே போனால், நம் பள்ளிகளில் பிள்ளைகள் தினமும் கையாளும் ஜியோஜீப்ராவிலேயே இந்த வித்தை பிரத்தியட்சமாக இருக்கிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் பட்டப் படிப்புக்காகச் செய்யத் தொடங்கிய அந்த மென்பொருளில், ஒரு சார்பை வரைந்து, அதன் வகைக்கெழு வேண்டும் என்று கட்டளையிட்டால், திரையில் மற்றொரு வளைகோடு எழுகிறது. அதற்கு முதற் சார்பின் பெயரோடு ஒரு சிறு கோடு சேர்ந்த பெயரும் கிடைக்கிறது. உள்ளே போனது சார்பு. வெளியே வந்ததும் சார்பு. ஆகையால்தான் வந்ததை மறுபடியும் அதே கட்டளைக்குக் கொடுத்து இரண்டாம் வகைக்கெழுவைப் பெற முடிகிறது. நாம் இதைக் குழந்தைகளுக்குச் செய்து காட்டுகிறோம். நிகழ்ந்தது இன்னதென்று வாய்விட்டுச் சொல்வதில்லை.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டில் சற்றுத் தங்கவேண்டும்; ஏனெனில் பெரும்பாலான குழப்பங்களுக்கு ஊற்றுக்கண் இதுதான். கோவை வேறு, சார்பு வேறு. எக்ஸின் வர்க்கம் என்று எழுதிவைத்தது கோவை: அது எக்ஸ் என்ற எழுத்தைத் தன்னுள் கொண்ட ஓர் எழுத்துவடிவம். எதைக் கொடுத்தாலும் அதன் வர்க்கத்தைத் தருவது சார்பு: அதற்கு எக்ஸ் என்ற எழுத்தோடு ஒட்டுறவில்லை, வாயில் என்று ஒன்றிருக்கிறது, அவ்வளவே. காகிதத்தில் எழுதும்போது நாம் இவ்விரண்டையும் மாற்றி மாற்றிப் பேசினாலும் மனிதர் மனிதரைப் புரிந்துகொள்வதால் காரியம் நடந்துவிடுகிறது. இயந்திரத்திடம் அப்படி நடக்காது. மாக்சிமாவில், வகை(எக்ஸ்) என்ற புதிய சார்பு, பழைய சார்பு ஒன்றை எக்ஸைப் பொறுத்து வகையிட்டதற்குச் சமம் என்று சாதாரண முறையில் எழுதிவிட்டு, வகை(2) என்ன என்று கேட்டுப் பாருங்கள். வகையிடுவதற்குரிய இரண்டாவது இடத்தில் மாறி ஒன்றுதான் இருக்கவேண்டும், இங்கே 2 இருக்கிறதே என்று அது முறையிடும். ஏன்? எழுதிய நேரத்தில் அது வகையிடவில்லை; 2 என்ற எண் வந்த பிறகு, எக்ஸ் இருந்த இடமெல்லாம் 2 ஆகிவிட்ட பிறகு, 2ஐப் பொறுத்து வகையிட முயல்கிறது. ‘டிஃபைன்’ என்ற வேறு சொல்லைப் பயன்படுத்தினால், முதலில் வகையிட்டு, வந்த கோவையைச் சார்பாக்கி வைத்துக்கொண்டு, பின்னர் 2ஐ ஏற்றுக்கொள்கிறது. முன்னர்ச் செய்யவேண்டியதும் பின்னர்ச் செய்யவேண்டியதும் எவை எவை என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் பாடத்தை நான் கண்டதில்லை.

கோவையிலிருந்து சார்பைப் பிரித்தெடுப்பதற்கு ஒவ்வோர் இயற்கணித மென்பொருளும் ஒரு வழி வைத்திருக்கிறது. மேப்பிளில் ‘அன்அப்ளை’ என்ற கட்டளை உண்டு. எண்ணைச் செலுத்தியதனால் வந்த கோவையிலிருந்து செலுத்தலை நீக்கி விதியை மீட்பது என்று அதன் பெயரே சொல்லிவிடுகிறது. அதே மேப்பிளில் கோவையை வகையிட ஒரு சொல்லும், சார்பை வாங்கிச் சார்பையே தருவதற்கு ‘டி’ என்ற தனி எழுத்தும் இருக்கின்றன: சைன் கோவையைக் கொடுத்தால் எக்ஸோடு கூடிய கொசைன் வரும், சைன் என்ற சார்பை ‘டி’க்குக் கொடுத்தால் எந்த எழுத்தும் ஒட்டாத வெறும் கொசைன் வரும். பைத்தான் மொழியின் இயற்கணிதத் தொகுப்பான சிம்பையில் ‘லாம்டிஃபை’ என்பது கோவையை வாங்கி, அழைக்கத்தக்க சார்பைத் தருகிறது. பெயர்கள் பலவானாலும் தேவை ஒன்று.

லாம்டா என்ற கிரேக்க எழுத்து இங்கெல்லாம் தலைகாட்டுவதற்குக் காரணம் உண்டு. 1924இல் மோசஸ் ஷோன்ஃபிங்கெல் என்ற தர்க்க அறிஞர், பல உள்ளீடுகள் கொண்ட எந்தச் சார்பையும், ஓர் உள்ளீட்டை வாங்கி மீதியை எதிர்பார்க்கும் மற்றொரு சார்பைத் தரும் சார்பாக மாற்றிவிடலாம் என்று வெளியிட்டார். நம் கூலி ஒப்பந்தம் எடையையும் சேர்த்து நான்கு எண்களை ஒரே வேளையில் கேட்காமல், மூன்றை வாங்கி விதியைத் தந்து, நான்காவதற்குக் காத்திருப்பது போன்றது அது. 1930களில் அமெரிக்காவில் அலான்ஸோ சர்ச், பெயரில்லாத சார்பை எழுதுவதற்கு லாம்டாக் குறியீட்டை ஏற்படுத்தினார். அக்குறியீட்டை ஜான் மெக்கார்த்தி தம் லிஸ்ப் மொழிக்கு எடுத்துக்கொண்டு 1960இல் அதைப் பற்றி எழுதினார். ஆனால் குறியீட்டை எடுத்துக்கொண்ட அளவுக்கு அதன் பொருளின் முழுமை அந்த மொழியில் வந்து சேரவில்லை. பழைய லிஸ்ப், ஒரு சார்பின் உடலில் தனக்குச் சொந்தமல்லாத ஒரு பெயரைக் கண்டால், அச்சார்பு எழுதப்பட்ட இடத்தில் அப்பெயர் எதைக் குறித்தது என்று பார்க்காமல், அது அழைக்கப்பட்ட இடத்தில் எதைக் குறிக்கிறது என்று பார்த்தது.

ஆசிரியர்களே, பத்தாம் வகுப்புப் பெண் கேட்ட கேள்வி இதுவேதான். அது யாருடைய மு? எழுதியவருடையதா, அழைத்தவருடையதா?

இந்தச் சிக்கலை விரிவாக ஆராய்ந்து 1970இல் குறிப்பொன்று எழுதியவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோயல் மோசஸ். அவரே, கார்ல் எங்கெல்மன், வில்லியம் மார்ட்டின் ஆகியோருடன், மாக்சிமாவின் மூதாதையாக 1968இல் தொடங்கிய மாக்சைமா திட்டத்தின் தலைவர்களுள் ஒருவர். நோயை இவ்வளவு தெளிவாக விவரித்தவரின் சொந்த வீட்டிலேயே அந்நோய் தங்கிவிட்டது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது. 1975இல் சஸ்மன், ஸ்டீல் என்ற இருவர் ஸ்கீம் என்ற மொழியைப் படைத்து, எழுதிய இடத்தையே பார்ப்பது என்ற விதியை நிலைநாட்டினார்கள். மாக்சைமாவின் பயனர் மொழியோ பழைய வழக்கிலேயே நின்றது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்து வில்லியம் ஷெல்ட்டர் 1982 முதல் அதன் ஒரு பிரதியைத் தனியொருவராகப் பேணி, 1998இல் பொது உரிமத்தின்கீழ் வெளியிட அனுமதி பெற்று, 2001இல் மறைந்தார். அவருடைய உழைப்பினால்தான் சாரல் பெய்யும் மலைப்பள்ளி ஒன்றில், ஒரு காசு செலவின்றி, அந்த மென்பொருள் வந்து சேர்ந்தது. பழைய வழக்கும் அதனுடனே வந்து சேர்ந்தது.

அன்று நடந்ததை இப்போது அடியொற்றிப் பார்ப்போம். தொடர்(5, 3) என்று அழைத்தபோது, அந்த அழைப்பு நடக்கும் கணத்துக்கு மாத்திரம் மு 5 ஆகவும் வி 3 ஆகவும் இருந்தன. லாம்டாவின் உடலை மாக்சிமா அப்போது திறந்து பார்க்கவில்லை. எழுதியபடியே, மு என்ற எழுத்தும் வி என்ற எழுத்தும் உள்ளபடியே, வெளியே அனுப்பிவிட்டது. அழைப்பு முடிந்தது, 5உம் 3உம் அதனோடு கழிந்தன. பின்னர் முல்லை(10) என்று அழைத்தபோது, மு யார் என்று கேட்டுச் சுற்றிலும் பார்த்தது. ஓர் இயந்திரத்தில் அப்பெயருக்கு ஒருவரும் இல்லை; ஆகவே எழுத்து எழுத்தாகவே நின்றது. மற்றோர் இயந்திரத்தில் பையன் விட்டுவைத்த 100 இருந்தது, அதை எடுத்துக்கொண்டது. முதல் விடையைவிட இரண்டாம் விடையே அஞ்சத்தக்கது. எழுத்தாக நிற்கும் பிழை தன்னைக் காட்டிக்கொடுக்கும். எண்ணாக வந்துவிடும் பிழை விடை போலவே உட்கார்ந்திருக்கும்.

காலையில் லயத்தை விட்டு மலையேறும் பெண் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகிறாள். எந்த மலையில் நின்றாலும் அவள் உண்பது தன் வீட்டுச் சோறு. கட்டுச்சோறின்றிப் போனவள், போன இடத்தில் கிடைத்ததைத்தான் உண்ணவேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால் பட்டினி. பிறந்த இடத்து மதிப்புக்களை மூட்டையாகக் கட்டித் தன்னோடு எடுத்துச் செல்லும் சார்புக்கு நான் வகுப்பில் ‘கட்டுச்சோற்றுச் சார்பு’ என்றே பெயர் சொல்லிவந்தேன். இதைவிட நல்ல பெயர் உங்களுக்குத் தோன்றினால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன். பைத்தான் தானாகவே மூட்டை கட்டிக்கொடுக்கிறது. மாக்சிமாவில் நாமே கட்டவேண்டும்: ‘பில்ட்கியூ’ என்ற சொல்லால், மு, வி என்ற பெயர்கள் வரும் இடங்களில் அவற்றின் அப்போதைய மதிப்புக்களைப் பதித்து, அதன் பிறகே லாம்டாவை வெளியே அனுப்பவேண்டும். அப்படி எழுதினால் முல்லையின் உடலில் 5உம் 3உம் பதிந்திருப்பதைத் திரையில் கண்ணாலேயே பார்க்கலாம்; முல்லை(10) என்றால் 32 வரும்; பக்கத்து மேஜையில் எவர் மு என்பதற்கு என்ன மதிப்புக் கொடுத்திருந்தாலும் 32தான் வரும்.

பைத்தானிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அதை நீங்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. ஒன்று முதல் பத்து வரை ஒரு சுற்று ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ‘கொடுத்ததை இந்த எண்ணால் பெருக்கு’ என்ற பெயரில்லாத சார்பு ஒன்றை உண்டாக்கிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பத்து வாய்ப்பாடுகள் கிடைத்துவிட்டன என்று பிள்ளைகள் களிப்பார்கள். மூன்றாம் வாய்ப்பாட்டை அழைத்து 7ஐக் கொடுத்தால் 21 வராது, 70 வரும். முதல் வாய்ப்பாட்டுக்குக் கொடுத்தாலும் 70தான். பத்துச் சார்புகளும் தத்தம் எண்ணை மூட்டை கட்டிக்கொள்ளவில்லை. சுற்றில் ஓடிய அந்த ஒரே பெயரைப் பத்துப் பேரும் கைகாட்டி நிற்கிறார்கள், சுற்று முடிந்தபோது அப்பெயர் 10இல் நின்றுவிட்டது. மருந்தாவது: வாய்ப்பாடு(க) என்று ஒரு சார்பை எழுதி, அது ‘கொடுத்ததைக் க-ஆல் பெருக்கு’ என்ற சார்பைத் திருப்பித் தரும்படி செய்து, சுற்றுக்குள் அதை அழைப்பது. ஒவ்வோர் அழைப்புக்கும் தனித்தனி க. ஆகவே தனித்தனி மூட்டை. பிள்ளைகள் ஒரே வாரத்தில் இரண்டையும் செய்து பார்த்தால், மாக்சிமாவில் நோய் தோன்றிய அதே இடம் பைத்தானில் மருந்தாக நிற்பதை வாழ்நாளில் மறக்கமாட்டார்கள்.

இதெல்லாம் மேனாட்டு இயந்திர வித்தை, நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது நிளையைப் பற்றித்தான். ஆனைமலையில் பிறந்து சித்தூர் வழியாகச் சோகநாசினி என்ற பெயரோடு ஓடும் நம் ஆறு, பறளியில் கல்பாத்திப் புழையோடு கூடி, நிளை எனப்படும் பாரதப்புழையாகி மேற்கே போகிறது. அந்தப் படுகையைச் சார்ந்த கணித மரபில், ஏறத்தாழ 1530ஆம் ஆண்டில், ஜ்யேஷ்டதேவர் யுக்திபாஷையை எழுதினார். வட்டத்தின் சுற்றளவுக்குரிய முடிவிலாத் தொடரை நிறுவிக் காட்டும் வழியில் அவர் சங்கலிதம் என்ற கூட்டல் வினையைப் பயன்படுத்துகிறார்: எண்களின் கூட்டுத்தொகை, அந்தக் கூட்டுத்தொகைகளின் கூட்டுத்தொகை, அவற்றின் கூட்டுத்தொகை. சார்பு என்ற சொல் அவரிடம் இல்லை. நம் காலத்துக் கருத்தை அவர் தலையில் ஏற்றுவதும் நியாயமன்று. ஆனால் ஒரு வினையின் பயனையே மறுபடி அவ்வினைக்கு உணவாகக் கொடுக்கும் அந்த நடை, நம் விஷயத்தின் சாரத்தைத் தொடுகிறது.

வகுப்பில் இதைச் செய்து காட்டுவது எளிது. ந என்ற விதியைக் கூட்டலுக்குக் கொடுத்தால், 1, 3, 6, 10 என்று வரும் விதி பிறக்கிறது: ந-ஐ அடுத்த எண்ணால் பெருக்கிப் பாதியாக்கியது. அதை மறுபடி கூட்டலுக்குக் கொடுத்தால், 1, 4, 10, 20: அடுத்தடுத்த மூன்று எண்களைப் பெருக்கி ஆறால் வகுத்தது. பழக்கடையில் முக்கோண அடுக்காய்க் கூம்பி நிற்கும் நாரத்தம்பழக் குவியலில் நான்கு அடுக்கென்றால் இருபது பழம். பத்து அடுக்கென்றால் இருநூற்றிருபது. ‘கூட்டு’ என்ற ஒரு சார்பை எழுதி, அது ஒரு விதியை வாங்கி, அவ்விதியின் முதல் ந மதிப்புக்களைக் கூட்டும் புதிய விதியைத் தருமாறு செய்தால், கூட்டு(கூட்டு(விதி)) என்ற ஒரே வரியில் குவியல் எண்ணப்பட்டுவிடும். விதியை வாங்கி எண்ணை மாத்திரம் தரும் பெட்டியைக் கொண்டு இப்படி அடுக்க முடியாது. உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே ஜாதியாக இருப்பதனால் அல்லவா அடுக்குகிறோம்!

யுக்திபாஷையில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் மொழி. சாஸ்திரமென்றால் சம்ஸ்கிருதச் செய்யுள் என்றிருந்த நாளில், நிரூபணங்களை ஒன்று விடாமல் மலையாள உரைநடையில், அருகில் அமர்ந்து மாணாக்கனுக்குச் சொல்வது போல எழுதினார் அவர். 1834இல் விஷ் என்ற ஆங்கில அதிகாரி அதைப்பற்றி எழுதும்வரை வெளியுலகம் அறியாமலிருந்ததற்கு அவர் பொறுப்பல்லர். தம் வீட்டு மொழியில் யோசித்ததனால் அவருடைய நிரூபணம் ஓர் அணுவளவும் தளரவில்லை. நம் பக்கத்திலும் பெ. நா. அப்புஸ்வாமி போன்றோர் விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதிப் பழக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

நம் பிள்ளைகளின் நிலை உங்களுக்குத் தெரிந்ததே. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ‘உறவுகளும் சார்புகளும்’ என்ற முதல் அத்தியாயத்திலேயே சார்புகளின் சேர்ப்பைத் தமிழில் படித்துவிடுகிறான். எல்லைக்கு இப்பால் உள்ள நம் பிள்ளை கூட்டுத் தொடரும் பல்லுறுப்புக் கோவைகளும் தமிழில் படித்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் சார்பு என்ற கருத்தை முதன்முறையாகச் சந்திக்கும்போது, பெரும்பாலும் அதை ஆங்கிலத்திலேயே சந்திக்கிறான். புதிய கருத்தும் புதிய மொழியும் ஒரே நாளில் தலைமேல் விழுகின்றன. அந்த ஆண்டில் எத்தனை கெட்டிக்காரப் பெண்கள் தங்களுக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டிக்கொண்டு, குமுளிச் சந்தையிலும் கோயம்புத்தூர் ஆலைகளிலும் கணக்கெழுதாத வேலைக்குப் போனார்கள் என்பதை நினைக்கும்போது என் நெஞ்சு பொறுக்கவில்லை. கருத்தாவது முன்னமே தமிழில் மனத்தில் நின்றிருந்தால், ஆங்கிலச் சொல் அதன்மேல் ஒட்டவேண்டிய சீட்டாக மாத்திரம் இருந்திருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். பத்தாம் வகுப்பில் கூட்டுத் தொடரை முடித்த வாரத்தில் இரண்டு பிரிவேளை ஒதுக்குங்கள். பாடத்திட்டம் இடம் தராது என்பீர்கள். அது கூட்டுத் தொடரின் பயிற்சியே என்று எழுதிக்கொள்ளுங்கள், அது உண்மையும்கூட. பைத்தானும் ஜியோஜீப்ராவும் நம் பள்ளி இயந்திரங்களில் முன்னமே இருக்கின்றன, மாக்சிமாவுக்கு விலையில்லை. முதலில் கூலி விதியைக் கரும்பலகையில் எழுதுங்கள். பிறகு தொடர்(மு, வி) என்பதைப் பில்ட்கியூ இல்லாமல், நான் எழுதியது போலவே தவறாக எழுதவிடுங்கள். ஓர் இயந்திரத்தில் மு என்பதற்கு 100 கொடுத்து வையுங்கள். விடைகள் மாறி வரும்போது நீங்கள் அவசரப்பட்டு விளக்கவேண்டாம். பிள்ளைகள் ஒருவர் திரையை ஒருவர் எட்டிப் பார்க்கட்டும்.

கூலி விதிக்கும் தொடர் விதிக்கும் உரிய பயிற்சிகளைத் தமிழில் பதினாறு பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். கேட்பவர்க்குப் படியெடுத்து அனுப்புவேன். திருத்துபவர்க்கு நன்றி சொல்வேன். கார்த்திகைக்குப் பின் மழை விட்டதும் மறையூர் வழியாக மூணாறு வரை ஒருமுறை வருவதாக இருக்கிறேன். அதற்குள் உங்கள் வகுப்பில் இதைச் செய்திருந்தால், “அது யாரோட மு?” என்று முதலில் கேட்ட பிள்ளை எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தது என்பதை எனக்கு எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியன்,
கொழிஞ்சாம்பாறை